மருத்துவக் காப்பீடு: பணம் கட்டும் முன்பே அனுமதி கேளுங்கள்



நம் டிரஸ்ட்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் சில நம்மை மிகவும் வருந்தச் செய்கின்றன. வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கும். ஆனால் நகையை அடகு வைத்து டயாலிசிஸுக்குப் பணம் கட்டிவிட்டு, பில்லோடு வருவார்கள். இது கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம். கட்டிய பணத்தைப் பிறகு திருப்பித் தரும் திட்டமல்ல.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை உண்டு. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. இன்ஷூரன்ஸ் கூடுமா என்று தயங்கி அட்டை எடுக்காதவர்கள் இதைச் சொல்லி ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளட்டும்.

அட்டை இருந்தால் மட்டும் போதாது, முன் அனுமதி வேண்டும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவினர் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அங்குள்ள மருத்துவர்கள் பார்த்து அனுமதிப்பார்கள். ஆகவே அட்வான்ஸ் கட்டும் முன்பே அந்தப் பிரிவில், "இந்த நோய்க்கு உங்கள் மருத்துவமனை அங்கீகாரம் பெற்றதா?" என்று கேளுங்கள். ஒரே மருத்துவமனை இருதயத்துக்கு அங்கீகாரம் பெற்றும், சிறுநீரகத்துக்குப் பெறாமலும் இருக்கலாம். டயாலிசிஸ் போலத் தொடரும் சிகிச்சை என்றால், அடுத்த அனுமதிக்கு எப்போது அனுப்புவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

"ரிஜெக்ட் ஆகிவிட்டது" என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். கூடுதல் அறிக்கை கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். உண்மையிலேயே மறுத்திருந்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் சகோதரர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பதை வீண் என்று நினைக்க வேண்டாம். மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் அனைவருக்கும் அதில் சிகிச்சை கிடைக்கும். ஆனால் நேராகத் தனியார் மருத்துவமனைக்குப் போகக் கூடாது. இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம்தான் இங்கே முன் அனுமதி. காண்ட்ராக்டர் மாறினாலும் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுங்கள்.

தனியார் பாலிசி வைத்திருப்போருக்கு: 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி, பணமில்லாச் சிகிச்சைக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோரிக்கையை மறுத்து, நிறுவனத்திடம் புகார் செய்தும் பலனில்லை என்றால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கான அன்றாட மாத்திரைகளுக்குக் காப்பீட்டு அட்டை உதவாது. அவை ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி மருத்துவ உதவி மனுவுடன் அனுமதிக் கடிதத்தையோ மறுப்புக் கடிதத்தையோ இணைக்க வேண்டும். ஜகாத் அமானிதம், காப்பீடு தராத செலவுக்கே அதைக் கொடுக்க விரும்புகிறோம். அட்டை இல்லாதோர் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் ஜுமுஆவுக்குப் பின் அலுவலகம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், விண்ணப்பிக்க உதவுகிறோம்.