செவ்வாய்க்கிழமை மறு ஆட்டம்

லண்டனின் டூட்டிங் என்றால் நம்மவர்களுக்கு மளிகைக் கடைகளும் தோசைக் கடைகளும் அம்மன் கோயிலும்தான் நினைவுக்கு வரும். 2023 ஆகஸ்டில் அங்கே யாழ்ப்பாண நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை காலை, பெரிய கிளப் ஒன்றின் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். “அங்க வெறும் கதிரையளைத்தான் காட்டுவினம். மட்ச் பாக்கோணுமெண்டா என்னோட வாங்கோ” என்றார்.

பஸ்ஸில் அரை மணி நேரம். வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மைதானம். இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை, ஆரம்பத் தகுதிச் சுற்று. மோதுவது பெரிய அணிகள் ஆடும் லீக்குக்கு வெளியே உள்ள இரண்டு குட்டி அணிகள். வாசலில் பத்து பவுண்டு வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட பெரியவரைச் சற்று நேரத்தில் டீக் கடையிலும் பார்த்தேன். காலையில் புல்வெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டதும் அவர்தானாம். எதற்கும் சம்பளம் கிடையாது.

கூட்டம் இருநூறு பேர் இருக்கும். நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், பேரனைத் தோளில் தூக்கி வந்தவர்கள். கம்பி வேலியை ஒட்டி நின்றால் கோல்கீப்பர் மூச்சு வாங்குவது கேட்கிறது. வாரநாளில் அவர் குழாய் வேலை பார்ப்பவர். பின்வரிசையில் ஆடியவர் பள்ளி ஆசிரியர். கோலுக்குப் பின்னால் நின்று கத்திய பையன்கள் அவருடைய மாணவர்கள். பந்து இரண்டு முறை பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. இடைவேளையில் உள்ளூர் ரசிகர்கள் மொத்தமாக எழுந்து, தங்கள் அணி அடுத்து கோல் போடப்போகும் பக்கத்துக்கு நடந்துபோனார்கள். தொலைக்காட்சியில் இவ்வளவு காலம் நான் பார்த்தது வேறு ஏதோ விளையாட்டு என்று தோன்றியது.

உள்ளூர் அணி ஒரு கோல் முன்னிலை. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில், கார்னரிலிருந்து வந்த பந்தை வெளியூர் அணிக்காரர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 1-1. அவர்களோடு வந்திருந்த நாற்பது பேரும் வெற்றி பெற்றதுபோலக் குதித்தார்கள். எனக்குப் புரியவில்லை. நண்பர் விளக்கினார்: டிரா என்றால் மறு ஆட்டம், செவ்வாய்க்கிழமை இரவு, அவர்கள் ஊரில். அந்தக் கிளப்பின் செயலாளர் வானத்தை அண்ணாந்து பார்த்து, “மழை மட்டும் வரக்கூடாது” என்றார். மழை வந்தால் கூட்டம் வராது.

அடுத்த ஏப்ரலில் செய்தி வந்தது. 2024-25 பருவத்திலிருந்து, கோப்பையின் தகுதிச் சுற்றுகளுக்குப் பின் வரும் முதல் சுற்று தொடங்கி எந்தக் கட்டத்திலும் மறு ஆட்டம் இல்லை. டிராவானால் அன்றைக்கே கூடுதல் நேரம், பெனால்டி. அந்தச் செயலாளரின் முகம்தான் உடனே நினைவுக்கு வந்தது.

1871-ல் தொடங்கிய கோப்பை இது. எழுநூறுக்கும் மேற்பட்ட கிளப்புகள் ஆகஸ்டிலேயே இறங்கத் தொடங்க, பெரிய அணிகள் ஜனவரியில் மூன்றாம் சுற்றில்தான் வருகின்றன. அங்கே பிழைத்து வந்து நிற்கும் சின்ன அணிக்கு மறு ஆட்டம் என்னவெல்லாம் தந்திருக்கிறது! 1972-ல் ஹியர்ஃபோர்ட் யுனைடெட், நியூகாசிலில் 2-2 என்று தப்பித்து, சொந்த ஊர்ச் சேற்றில் 2-1 என்று வென்றது. 2005-ல் எக்ஸிடர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் மைதானத்திலேயே 0-0 என்று நிறுத்தியது. பார்வையாளர்கள் 67,000-க்கும் மேல். மறு ஆட்டத்தில் 0-2 என்று தோற்றாலும், இரண்டு ஆட்டங்களிலும் வந்த பணம் ரசிகர்களே நடத்திய அந்தக் கிளப்பின் கடன் சுமையை இறக்கி வைத்தது. 2017-ல் லிங்கன் சிட்டி, இப்ஸ்விச்சோடு டிரா செய்து, மறு ஆட்டத்தில் கடைசி நிமிட கோலில் ஜெயித்துக் காலிறுதி வரை போனது. லீக்குக்கு வெளியே இருந்து காலிறுதிக்கு ஓர் அணி வந்தது 103 ஆண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

டூட்டிங்குக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1959 ஜனவரியில், உறைந்துபோன தரையில், டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட் 2-0 என்று முன்னிலை பெற்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை நடுங்க வைத்தது. 2-2 ஆகி, மறு ஆட்டத்தில் 0-3 என்று தோற்றது. அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியது ஃபாரஸ்ட்தான்.

மறு ஆட்டத்தை நீக்கியதற்குக் காரணமாக, ஆட்டங்கள் கூடிவிட்டன, வீரர்களின் உடம்பு தாங்கவில்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பருவம் தொடங்குமுன் கண்டம் விட்டுக் கண்டம் பறந்து காட்சி ஆட்டம் ஆட அதே உடம்பு தாங்குகிறதே! சின்னக் கிளப்புக்கு ஒரு பெரிய இரவு என்பது புதுக் கூரை, புது விளக்குக் கம்பம், அடுத்த ஐந்து வருஷத்து மூச்சு. பெனால்டியில் பதினைந்து நிமிடத்தில் முடிந்துபோனால், எக்ஸிடருக்குக் கிடைத்த அந்த இரண்டாவது இரவு இனி யாருக்கும் கிடைக்காது.

எல்லா டிராவுக்கும் வேண்டாம். லீக்குக்கு வெளியே உள்ள ஓர் அணி, மூன்றாம் சுற்றிலோ அதற்கு மேலோ பெரிய அணியோடு டிரா செய்தால் மட்டுமாவது மறு ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான் கூடும்.