தவளைக்குத் தீனி, பூச்சிக்கும் தீனி

மரத்தவளை வளர்ப்பவர்கள் உண்மையில் வளர்க்க வேண்டியது பூச்சிகளை. அந்தப் பூச்சி என்ன தின்றது என்பதில்தான் தவளையின் ஆயுள் இருக்கிறது.

உள்ளங்கையில் அடங்கும் வெளிர்பச்சை உடல். விரல் நுனிகளில் ஒட்டிக்கொள்ளும் வட்டத் தட்டுகள். முகத்தில் எப்போதும் ஒரு திருப்தியான புன்னகை. ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் பூர்வீகமாகக் கொண்ட வைட்ஸ் மரத்தவளைக்கு உலகெங்கும் ரசிகர்கள் இருப்பதற்கு இந்த முகமே காரணம். சிவந்த கண்களும் ஆரஞ்சு நிறப் பாதங்களும் கொண்ட மத்திய அமெரிக்க மரத்தவளை இன்னொரு நட்சத்திரம். இந்தியப் பெருநகரங்களிலும் இவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். குரைக்காது, சோபாவைக் கிழிக்காது, காலையில் உலாவ அழைத்துப் போக வேண்டாம். தொட்டி, செடி, தண்ணீர்க் கிண்ணம் - எல்லாம் ஒரே நாளில் தயாராகிவிடும்.

சிக்கல் இரண்டாம் நாள் தொடங்குகிறது. அதற்கு என்ன சாப்பாடு போடுவது?

மீனுக்குத் தூவுவதுபோல டப்பாத் தீனியைத் தூவிவிட்டுப் போக முடியாது. தவளையின் கண் அசைவதையே இரையாக ஏற்கும். 1959-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் லெட்வினும் அவரது சகாக்களும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதைச் சொன்னது: சுற்றிலும் உணவு குவிந்து கிடந்தாலும், அது அசையாவிட்டால் தவளை பட்டினியால் செத்துப்போகும். இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினால் சில தவளைகள் ஏமாறும். ஆனால் தினசரி வாழ்க்கைக்கு உயிருள்ள பூச்சிதான் வழி.

உயிருள்ள பூச்சி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த ஆபத்து. வயிறு நிறையத் தின்ற தவளையும் சத்துக் குறைவால் சாகும். காரணம், பூச்சிகளின் உடலில் எலும்பு இல்லை. எனவே சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பாஸ்பரஸோ ஏராளம். தவளையின் உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தபட்சம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. தீனிப் பூச்சிகளின் சத்துகளை அளந்து அமெரிக்க ஆய்வாளர் மார்க் ஃபின்கே 2002-ல் வெளியிட்ட கணக்கு இதற்கு நேர்மாறு. ஒரு கிலோ வளர்ந்த சுவர்க்கோழியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 0.4 கிராம், பாஸ்பரஸ் ஏறத்தாழ 3 கிராம். மாவுப்புழுவில் நிலைமை இன்னும் மோசம்: பாஸ்பரஸ் பதினாறு, பதினேழு மடங்கு.

விளைவு: உடல் தன் எலும்பையே கரைத்துப் பற்றாக்குறையைச் சரிக்கட்டும். முதலில் தவளை குறி தவறும், சுவரில் ஏறச் சிரமப்படும். பிறகு கீழ்த்தாடை ரப்பர் போல வளையும், முதுகு கோணும், கால்கள் துடிக்கும். அந்தக் கட்டத்தில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் உயிர் தப்பலாம். கோணிய எலும்பு நேராவது கடினம்.

இது வீட்டுத் தொட்டிகளின் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்துக்கே உரிய ஒரு தேரை இனம் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1987-ல் ஒரே ஒரு ஏரியில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. எஞ்சியவற்றைக் காப்பாற்ற உயிரியல் பூங்காக்களில் வளர்த்தார்கள். அங்கே ஒரு விநோத நோய் தலைகாட்டியது. தேரை நாக்கை நீட்டும், பூச்சி ஒட்டாது. நாக்கின் பசையைச் சுரக்கும் திசுக்கள் மாறிப்போயிருந்தன. வைட்டமின் ஏ குறைபாட்டுடன் தொடர்புடையது என்று தெரியவந்த இந்த நோய்க்கு 'குட்டை நாக்கு நோய்' என்று பெயர். பண்ணைச் சுவர்க்கோழிகளில் வைட்டமின் ஏ அநேகமாக இல்லை. நிபுணர்கள் கூடி வளர்த்த இடத்திலேயே இந்தக் கதி.

எனவே தவளை வளர்ப்பின் முதல் பாடம்: பூச்சி வெறும் பை. அதற்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் தவளை தின்கிறது. இரையாகப் போடுவதற்கு முன் ஒன்றிரண்டு நாள் பூச்சிக்கு நல்ல தீனி போட்டு, அதன் குடலைச் சத்தால் நிரப்ப வேண்டும். கோதுமைத் தவிட்டுடன் சுண்ணாம்புச் சத்துப் பொடி, முருங்கைக்கீரை, கேரட், பூசணி - இவை போதும். பசலை வகைக் கீரைகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

இரண்டாவது காப்பு, மேல்பூச்சு. ஒரு டப்பாவில் பூச்சிகளைப் போட்டு, கால்சியம் கார்பனேட் தூளைச் சிட்டிகையளவு தூவி, மெதுவாகக் குலுக்கி உடனே தவளைக்குப் போட வேண்டும். தாமதித்தால் சுவர்க்கோழி தன் உடம்பைத் தானே துடைத்துக்கொண்டு தூளை உதிர்த்துவிடும். சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி-3 வேண்டும். புற ஊதா-பி விளக்கு அல்லது டி-3 கலந்த தூள் அதைத் தரும். கேரட்டில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றும் திறன் தவளைகளுக்குக் குறைவு. எனவே நேரடியாக வைட்டமின் ஏ கலந்த தூளை அவ்வப்போது தர வேண்டும். தினமும் கூடாது. டி-3, ஏ இரண்டுமே அளவு மீறினால் நஞ்சு.

எந்தப் பூச்சி? முதலிடம் சுவர்க்கோழிக்குத்தான். சுறுசுறுப்பாக ஓடும், கொழுப்பு அளவாக இருக்கும், தவளையின் வேட்டை உணர்வைத் தூண்டும். பட்டுப்புழு இன்னொரு நல்ல தேர்வு: மிருதுவான உடல், நீர்ச்சத்து அதிகம், கொழுப்பு மிகக் குறைவு. நிபந்தனை ஒன்றுதான் - அது தின்ற மல்பெரி இலையில் பூச்சிமருந்து படாமல் இருக்க வேண்டும். மாவுப்புழுவும் அதன் பெரிய உறவான சூப்பர்வார்மும் கூண்டுப் பறவைகளுக்கும் அரோவானா மீன்களுக்கும் தீனியாக விற்கப்படுபவை. எளிதில் கிடைப்பதாலேயே தவளைக்கும் அதுவே மூன்று வேளை உணவாகிவிடுகிறது. இரண்டிலும் தோல் கடினம், கொழுப்பு அதிகம். மாதத்தில் ஓரிரு முறை பலகாரம்போலத் தரலாம், சாப்பாடாகத் தரக்கூடாது. வைட்ஸ் மரத்தவளை இயல்பிலேயே பெருந்தீனிக்காரர். கண்ணுக்கு மேலுள்ள மடிப்பு பருத்துப் பார்வையை மறைக்கும் அளவுக்குக் கொழுத்துவிடும்.

சமையலறைக் கழிவைத் தின்று தீர்ப்பதற்காக வளர்க்கப்படும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு. அதன் உடலில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிட இரு மடங்குக்கு மேல். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு உண்டு. கரீபியத் தீவுகளின் பெரிய தவளை இனமான 'மவுண்டன் சிக்க'னுக்கு இந்தப் புழுவைக் கொடுத்துச் செய்த சோதனையின் முடிவு 2008-ல் வெளியானது. தவளை மெல்லுவதில்லை, முழுதாக விழுங்கிய புழுவின் சத்தில் பெரும்பங்கு சேராமலே வெளியேறியது. தோலைக் குத்தித் துளையிட்டுக் கொடுத்தபோது அதிகம் சேர்ந்தது. அட்டவணையில் உள்ள சத்து வேறு, உடம்பில் ஒட்டும் சத்து வேறு.

அளவுக்கு ஒரு எளிய விதி: தவளையின் இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடப் பூச்சி நீளமாக இருக்கக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறையும் தீனி. தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை எடுத்துவிட வேண்டும். பசித்த சுவர்க்கோழி தூங்கும் தவளையின் தோலையே கடிக்கும்.

வீட்டில் சுவர்க்கோழி வளர்க்கப் பெரிய முதலீடு தேவையில்லை. வழவழப்பான பக்கங்கள் கொண்ட உயரமான பிளாஸ்டிக் தொட்டி. மூடியில் கம்பி வலை (பிளாஸ்டிக் வலையைக் கடித்துத் தப்பிவிடும்). உள்ளே நிறுத்திவைத்த முட்டை அட்டைகள். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். ஈரப் பஞ்சு போதும். பெண்ணை அடையாளம் காண்பது எளிது: வாலில் இரண்டு மயிர்களுக்கு நடுவே ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும் முட்டைக் குழாய். ஈரமான தென்னை நார்த் துகள் நிரப்பிய கிண்ணத்தை வைத்தால் அந்த ஊசியைச் செருகி முட்டையிடும். கிண்ணத்தை வேறு தொட்டிக்கு மாற்றி 30 டிகிரி வெப்பத்தில் காயாமல் வைத்தால் 10 முதல் 13 நாளில் எறும்பளவுக் குஞ்சுகள் பொங்கி வரும். அவை பெரிதாக ஆறு முதல் எட்டு வாரம். அமெரிக்கர்கள் விளக்குப் போட்டு வரவழைக்கும் வெப்பம் இந்தியாவின் பெரும்பகுதியில் இலவசம். இங்கே எதிரி எறும்பு. தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதே மருந்து. இன்னொரு இடைஞ்சல், ஆண்களின் இரவுக் கச்சேரி. அதைச் சகிக்க வீட்டார் சம்மதம் வேண்டும்.

தலைப்பிரட்டைப் பருவம் முடித்து வரும் விரல் நகமளவுத் தவளைக்குச் சுவர்க்கோழிக் குஞ்சும் பெரிது. அதற்குப் பழ ஈ. உலகின் மரபியல் கூடங்களில் நூறாண்டுக்கும் மேலாக வளர்க்கப்படும் டுரோசோபிலாதான் அது. பறக்க முடியாத ரகங்களும் உண்டு. மைசூர் பல்கலைக்கழகத்தின் டுரோசோபிலா இருப்பு மையம் இந்திய ஆய்வுக்கூடங்களுக்கு நன்கு தெரிந்த பெயர். அங்கே ஈக்களுக்குக் கிடைக்கும் சாப்பாடு நம் சமையலறையிலிருந்து வந்ததுதான்: ரவை, வெல்லம், அகர் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி, பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சில துளி புரோபியானிக் அமிலம். 25 டிகிரியில் முட்டை பத்தே நாளில் ஈயாகும்.

மழைக்கால இரவில் டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சிகளைப் பிடித்துப் போட்டால் செலவு மிச்சமே? மிச்சம்தான், ஆனால் நகரத்துப் பூச்சி கொசு மருந்தையும் கரப்பான் மருந்தையும் கடந்து வந்திருக்கும். தவளையின் தோல் நீரையும் நஞ்சையும் ஒன்றாக உறிஞ்சும் ரகம். மின்மினிப் பூச்சி இன்னும் ஆபத்து: அமெரிக்க மின்மினி ஒன்றைத் தின்றே வளர்ப்பு ஓணான்கள் இறந்திருக்கின்றன.

ஒரே பூச்சியை நம்புவதும் விபரீதம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கச் சுவர்க்கோழிப் பண்ணைகளில் ஒரு வைரஸ் புகுந்து கோடிக்கணக்கானவற்றைக் கொன்றது. அதே நோய் ஐரோப்பியப் பண்ணைகளையும் அதற்கு முன்பே தாக்கியிருந்தது. வீட்டுத் தொட்டிக்கும் இந்த விதி பொருந்தும்: இரண்டு இனம், இரண்டு தொட்டி. ஆனால் வெளிநாட்டு இனங்களைத் தபாலில் வரவழைக்கும் யோசனை வேண்டாம். உயிருள்ள பூச்சிகளை இறக்குமதி செய்ய 1914-ம் ஆண்டு முதலே சட்டக் கட்டுப்பாடு உண்டு. தப்பிய பூச்சி நாளை வயலில் நிற்கும்.

தவளைக்கும் சட்டம் உண்டு. சிவப்புக்கண் மரத்தவளை 2010 முதல் 'சைட்டஸ்' சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ன் விதிகளும் இத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. சுண்ணாம்பு அடித்த சுவரிலும் குளியலறையிலும் ஒட்டியிருக்கும் நம்மூர் மரத்தவளையைப் பிடித்து அடைக்கும் ஆசையும் வேண்டாம். அது இருக்கும் இடத்திலேயே யார் செலவுமின்றிப் பூச்சி பிடிக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதிக்கு இந்தியா 1987-ல் தடை விதித்ததன் பின்னணியில் இருந்ததும் வயலில் பூச்சி தின்னத் தவளை இல்லாமல் போகும் என்ற கவலையே. சலித்துப்போன வெளிநாட்டுத் தவளையைக் குளத்தில் விடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம். 1999-ல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் குறைந்தது 501 நீர்நில வாழ்வினங்களைச் சரிவுக்குத் தள்ளியிருப்பதாக 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தவளை வணிகமும் அதைச் சுமந்து சென்ற வழிகளில் ஒன்று.

நன்றாகப் பராமரித்தால் வைட்ஸ் மரத்தவளை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதாவது, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு சுவர்க்கோழிப் பண்ணையை நடத்தத் தயாராக வேண்டும். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு எளிய பரீட்சை ஒன்று உண்டு. முதலில் இரண்டு மாதம் பூச்சியை மட்டும் வளர்த்துப் பாருங்கள். நாற்றத்தையும் கச்சேரியையும் எறும்பையும் சமாளித்து, முட்டையிலிருந்து அடுத்த தலைமுறையை எடுத்துவிட்டால் தவளைக்கு உங்கள் வீட்டில் இடம் உண்டு. முடியாவிட்டால், நஷ்டம் சில முட்டை அட்டைகள் மட்டுமே. ஓர் உயிர் அல்ல.