பெரிய ‘ஏ’வும் சின்ன ‘ஏ’வும் ஒண்ணா?

போன மாசம் நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் கம்ப்யூட்டர் லேப் பக்கம் வந்தீர்களா? வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கட்டாயம் சிரித்திருப்பீர்கள். ‘எங்கள் ஏரிப் பறவைகள்’ என்று வாசலில் பெரிய சார்ட் ஒட்டிவிட்டு, திரையில் ஒரு பறவைகூட இல்லாமல் முழித்துக்கொண்டு நின்றவன் நான்தான். நாரை வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம். மீன்கொத்தி வர வேண்டிய இடத்தில் இன்னொரு கட்டம். மொத்தம் 14 கட்டம்! “தம்பி, பறவை எல்லாம் வேற ஏரிக்குப் போயிடுச்சா?” என்று பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

படம் எடுத்தது நான் இல்லை. என் நண்பன். மூணு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, மாமாவின் கேமராவைக் கெஞ்சி வாங்கி, ஏரிக்கரைச் சேற்றில் உட்கார்ந்து எடுத்தது. அவன் அப்பா பஸ் கண்டக்டர். 11 மணிக்கு டூட்டி. அதற்கு முன்னால் மகன் எடுத்த படத்தைப் பார்க்கணும் என்று யூனிஃபாரத்தோடு வந்து நின்றார். நான் எலியைத் தட்டுகிறேன், கீபோர்டைத் தட்டுகிறேன், ஒண்ணும் வரலை. பத்தே முக்காலுக்கு “பரவாயில்லப்பா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நண்பன் என்னோடு பேசவே இல்லை.

இத்தனைக்கும் முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் 14 படமும் பளிச்சென்று வந்தது! அதே பக்கம், அதே படங்கள், அதே பென்டிரைவ். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். வீட்டில் விண்டோஸ், லேபில் லினக்ஸ்.

கம்ப்யூட்டர் மிஸ் வந்து திட்டவில்லை. கருப்புத் திரை ஒன்றைத் திறந்து ‘எல்எஸ்’ என்று அடித்தார்கள். ஃபோல்டரில் உள்ள பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. “இப்போ நீ உன் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன்னு பாரு” என்றார்கள். அப்பத்தான் கண்ணில் பட்டது. கேமரா தானாக வைத்த பெயரில், புள்ளிக்கு அப்புறம் வரும் ‘ஜேபிஜி’ மூணும் பெரிய எழுத்து. நான் பக்கத்தில் டைப் பண்ணியது மூணும் சின்ன எழுத்து. விண்டோஸ் வழக்கமாக அந்தக் கடைசித் துண்டைக் காட்டுவதே இல்லை, மறைத்துவிடும். அதனால் வீட்டில் நான் அதைப் பார்த்ததே கிடையாது.

நமக்கு பெரிய ‘ஏ’, சின்ன ‘ஏ’ இரண்டும் ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு எழுத்தே கிடையாது, எண்தான். பெரிய ‘ஏ’ 65. சின்ன ‘ஏ’ 97. பெரிய ‘பி’ 66, சின்ன ‘பி’ 98. இப்படியே ‘இசட்’ வரை 32 தள்ளித் தள்ளிப் போகும். இந்த எண்களைக் கொடுத்த பட்டியலுக்குப் பெயர் ஆஸ்கி. 1963-ல் அது முதலில் வெளிவந்தபோது சின்ன எழுத்தே அதில் இல்லை! 1967-ல்தான் சேர்த்தார்கள். (கொஞ்சம் சோம்பேறியாக இருந்து சேர்க்காமல் விட்டிருந்தால் எனக்கு அன்று மானம் போயிருக்காது.)

1969-ல் அமெரிக்காவில் பெல் லேப்ஸில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் ஃபைல் பெயர் என்பது வெறும் எண் வரிசை. 97-ம் 65-ம் வேறு என்றால் பெயரும் வேறு, அவ்வளவுதான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அதே வழியில் போனது. 1981-ல் வந்த எம்எஸ்-டாஸ் வழி வேறு. பெயருக்கு 8 எழுத்து, புள்ளி, அப்புறம் 3 எழுத்து. நீங்கள் சின்ன எழுத்தில் அடித்தாலும் அது பெரிய எழுத்தாக்கி வைத்துக்கொள்ளும். கேமராக்காரர்கள் இன்னும் பெரிய எழுத்தில் பெயர் வைப்பது அந்தப் பழைய பழக்கம்தான். பிறகு விண்டோஸ் 95 வந்து, நாம் எழுதுகிறபடியே பெயரை வைத்துக்கொண்டது. ஆனால் தேடும்போது மட்டும் பெரிசு சின்னது பார்க்காது.

எங்கள் தெருப் பழைய போஸ்ட்மேன் மாதிரி இது. கதவு எண் தப்பா இருந்தாலும் “ஓ, அவங்க வீடா” என்று கொண்டு வந்து கொடுத்துவிடுவார். லினக்ஸ் புது போஸ்ட்மேன். எண் பொருந்தவில்லையா, கடிதம் திரும்பிப் போகும்.

பழைய போஸ்ட்மேன்தான் நல்லவர் என்று நான் மிஸ்ஸிடம் வாதாடினேன். மிஸ் சிரித்துவிட்டு துருக்கி மொழியைச் சொன்னார்கள். அங்கே புள்ளி வைத்த ‘ஐ’ ஒரு எழுத்து, புள்ளி இல்லாத ‘ஐ’ வேறொரு எழுத்து. சின்ன ‘ஐ’யைப் பெரிசாக்கினாலும் மேலே புள்ளி இருக்கணும். ஆங்கிலத்தில் இருக்கக் கூடாது. அப்போ எது எதற்குப் பெரிய எழுத்து? 32-ஐக் கழித்தால் போதாது. அதற்காகவே விண்டோஸ் தன் டிஸ்கிலேயே ஓர் அட்டவணையை ஒளித்து வைத்திருக்கிறதாம். லினக்ஸுக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்றிருந்தார்கள். இப்போது இரண்டும் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டன. 2018 முதல் விண்டோஸ் 10-ல் ஒரு ஃபோல்டரை மட்டும் கறாராக இருக்கச் சொல்லலாம். 2019 முதல் லினக்ஸில் ஒரு ஃபோல்டரைக் கண்டுக்காமல் விடச் சொல்லலாம். நாம் சொன்னால்தான், தானாக இல்லை. ஆப்பிள் மேக் சாதாரணமாக விண்டோஸ் கட்சி. அதே கம்பெனியின் ஐபோன் லினக்ஸ் கட்சி. இது எனக்குச் சுத்தமாகப் புரியாத நியாயம்.

“நம்ம தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்தே கிடையாதே மிஸ், பேரைத் தமிழ்ல வெச்சா?” என்று கேட்டேன். “செஞ்சு பாரு” என்றார்கள். ‘கொக்கு’ என்று ஒரு ஃபைல் வைத்தேன். பிறகு மிஸ் அதே ஃபோல்டரில் இன்னொரு ‘கொக்கு’ வைத்துக் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொக்கு, ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை! விஷயம் என்னவென்றால், ‘கொ’வின் ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், தனித்தனியாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. இதில் விண்டோஸும் ஏமாந்துவிடும். மேக் மட்டும் இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று என இரண்டு ஃபைல் வைத்திருந்தால், பென்டிரைவில் காப்பி பண்ணும்போது “ரீப்ளேஸ் பண்ணவா?” என்று கேட்கும். அவசரத்தில் ‘சரி’ தட்டாதீர்கள். ஒன்று போய்விடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மிஸ் பக்கத்தில் இருந்த ‘ஜேபிஜி’யை எல்லாம் ஒரே தட்டில் பெரிய எழுத்தாக்கினார்கள். 12 பறவை வந்துவிட்டது. இரண்டு மட்டும் வரலை. அந்த இரண்டுக்கும் நண்பன் ‘ஹெரான்’, ‘ஈக்ரெட்’ என்று முதல் எழுத்தைப் பெரிசாகப் போட்டு அழகாகப் பெயர் வைத்திருந்தான், நான் சின்னதாக டைப் பண்ணியிருந்தேன். அதையும் சரிசெய்து முடித்தபோது மணி பதினொன்றரை.

இப்போது 14 ஃபைலுக்கும் புள்ளிக்கு முன்னும் பின்னும் சின்ன எழுத்தாகவே மாற்றிவிட்டேன், இடைவெளி இல்லாமல். வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு லேபைத் திறந்து வைப்பதாக மிஸ் சொல்லியிருக்கிறார்கள். நண்பனின் அப்பாவுக்கு அன்று மதியம்தான் டூட்டி. வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.