கால் விறைப்பும் உடல்வலுப் பயிற்சியும்

விளையாட்டுத் துறையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அரங்கங்களும் செயற்கை ஓடுதளங்களும் எடைக் கருவிகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. இவற்றைப் பயன்படுத்தும் வீரரின் உடலில் நிகழ வேண்டிய மாற்றங்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. அம்மாற்றங்களுள் ஒன்று, பயிற்சியியலில் ‘கால் விறைப்பு’ எனப்படுவதாகும்.

இச்சொல்லைக் கேட்டவுடன், நெடுநேரம் உட்கார்ந்து எழுபவரின் மரத்துப்போன கால் நினைவுக்கு வரக்கூடும். இங்குக் கருதப்படுவது அதுவன்று. ஒரு சுருள்வில்லை ஒரு குறிப்பிட்ட அளவு அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே இயற்பியலில் அதன் விறைப்பு. ஓடுபவரின் காலும் ஒரு சுருள்வில்லைப் போலவே இயங்குகிறது. பாதம் தரையில் பதியும்போது கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் சற்றே மடங்குகின்றன. அடுத்த நொடிப்பகுதியில் நிமிர்ந்து உடலை முன்னோக்கித் தள்ளுகின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடும்போது, அவர் கால் மீது தம் எடையைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது ஏறத்தாழ 1,500 நியூட்டன் விசை விழுகிறது எனக் கொள்வோம். அப்போது கால் 12 சென்டிமீட்டர் அமுங்குமாயின், அதன் விறைப்பு மீட்டருக்கு 12.5 கிலோ நியூட்டன் ஆகும்.

இந்த அமுக்கம் வீணாவதில்லை. குதிகாலைக் கெண்டைத் தசையோடு இணைக்கும் தடித்த தசைநாண் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கிறது. பின்னர் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. கால் மிகவும் நெகிழ்ந்து மடங்கினால் பாதம் தரையில் நெடுநேரம் தங்கும்; உடலைத் தாங்கும் பணியில் தசைகள் கூடுதல் ஆற்றலைச் செலவிட நேரும். விரைவோட்டக்காரர் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் தரையில் தங்குவது ஏறத்தாழ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கே. நெகிழ்ந்த காலால் இதனைச் செய்ய இயலாது.

பயிற்சி இவ்விறைப்பை உயர்த்துமா? பின்லாந்தில் நடைபெற்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. நெடுந்தூர ஓட்டத்தில் தேர்ந்தவர்களின் ஒரு குழு, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டாமல், அதில் 32 சதவிகிதத்தை விரைவோட்டம், தாவல், குறைந்த எடையை விரைவாகத் தூக்குதல் ஆகியவற்றிற்கு மாற்றிக்கொண்டது. ஒன்பது வாரங்களுக்குப் பின் 5 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 3.1 சதவிகிதம் குறைந்தது. உடல் உட்கொள்ளக்கூடிய உயிர்வளியின் உச்ச அளவு உயரவில்லை. பாதம் தரையில் தங்கும் நேரமே குறைந்தது. நுரையீரலையும் இதயத்தையும் மட்டுமே நெடுந்தூர ஓட்டத்தின் மூலதனமாகக் கருதிய பழைய எண்ணத்தை இம்முடிவு மாற்றியது எனலாம்.

விரைவில் கிடைக்கும் இம்முன்னேற்றத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்திற்கு உரியது. பாதம் தரையைத் தொடும் முன்னரே தசைகள் இறுகிக்கொள்ளப் பழகுகின்றன. தசைநாண் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மனிதரின் ஒரு காலுக்குக் குறைந்த சுமையும் மறு காலுக்கு மிகுந்த சுமையும் 14 வாரங்கள் தரப்பட்டன. மிகுந்த சுமை ஏற்ற காலின் தசைநாண் மட்டுமே விறைப்புக் கூடியிருந்தது. ஆகவே சுமையும் கணிசமாக இருத்தல் வேண்டும். காலமும் மாதக்கணக்கில் வேண்டும்.

நிர்வாகத்தினர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. போட்டிக்கு நான்கு வாரங்களுக்கு முன் தொடங்கும் முகாமில் தசை வலுப்பெறலாம். தசைநாண் அதற்கு ஈடு கொடுக்காது. நிதியாண்டின் இறுதியில் ஒதுக்கீட்டைச் செலவிட்டு முடிக்க நடத்தப்படும் முகாமின் கணக்கு சரியாகலாம். கால்களின் கணக்கு சரியாவதில்லை. இராணுவத்திலோ காவல்துறையிலோ சேர விரும்பும் சிற்றூர் இளைஞர்கள் நிலை இன்னும் கவலைக்குரியது. தேர்வு அறிவிப்பு வந்தபின் தார்ச்சாலையில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்திற்குத் திடீரெனப் பழகுவோர் பலர். பழக்கமற்ற எலும்பில் மீண்டும் மீண்டும் விழும் அதிர்வு, முழங்காலுக்குக் கீழ் மயிரிழை வெடிப்பில் முடியக்கூடும். பல மாத உழைப்பும் ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பும் அத்துடன் நின்றுவிடுகின்றன.

விறைப்பு மிகுதியாதலும் நன்றன்று. மிகுந்தால் அதிர்வு எலும்பைத் தாக்குகிறது. குறைந்தால் மூட்டும் மென்திசுக்களும் இன்னலுறுகின்றன. தரைக்கேற்பக் காலைச் சரிசெய்யும் திறனும் உடலுக்கு உண்டு. மென்மையான தளத்திலிருந்து கடினமான தளத்திற்கு மாறுபவர், முதல் அடியிலேயே தம் கால் விறைப்பைக் குறைத்துக்கொள்கிறார் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். மண் தரையில் பழகிப் போட்டியன்று மட்டும் செயற்கைத் தளத்தில் ஓடும் மாவட்ட வீரருக்கு இது ஓரளவு ஆறுதலான செய்தி. எனினும் இத்திறன் தசைநாணின் வலுவுக்கு ஈடாகாது.

இதற்கான பயிற்சிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. படியின் விளிம்பில் நின்று, தோளில் சுமையுடன் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், கயிறு தாண்டுதல், இரு காலால் துள்ளுதல், பின்னர் ஒரு காலால் துள்ளுதல் என்ற படிமுறை போதும். உயரத்திலிருந்து குதித்து உடனே எழும்பும் பயிற்சி, 1960களில் சோவியத் நாட்டில் வெர்கோஷான்ஸ்கி வகுத்தது. அது முதிர்ந்த வீரர்களுக்கே உரியது. பள்ளி மாணவர்களிடம் அதனைத் தொடக்கத்திலேயே புகுத்துதல் பொருந்தாது.

அளவிடுவதற்கும் விலையுயர்ந்த விசைத் தட்டு இன்றியமையாததன்று. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட முறைப்படி, துள்ளும்போது பாதம் தரையில் இருந்த நேரம், காற்றில் இருந்த நேரம், உடல் எடை ஆகிய மூன்றைக் கொண்டே கால் விறைப்பைக் கணக்கிடலாம். விரைவாகப் படமெடுக்கும் கைபேசியால் அவ்விரு நேரங்களையும் கண்டறியலாம். மாதம் ஒரு முறை இவ்வளவீட்டை எடுத்து ஏட்டில் பதிந்துவைக்கும் உடற்கல்வி ஆசிரியர், எந்த மாணவருக்குச் சுமையைக் கூட்டலாம், யாரைச் சில வாரங்கள் நிறுத்திவைக்க வேண்டும் என்பதைக் காயம் தோன்றும் முன்னரே ஆராய வழி பெறுகிறார்.