உள்ளங்கைப் படை

நுழையும்முன்

பொருள்களைத் தேடித் திரட்டிப் பேணும் ஆர்வம் மனிதர்க்கு இயல்பானது. அஞ்சல்தலை, நாணயம் முதலியவற்றைச் சேர்ப்போரை நாம் அறிவோம். மேலைநாடுகளில் நெகிழியால் ஆன பொம்மைப் படைவீரர்களையும் சிற்றுருவங்களையும் சேர்ப்போர் பலர் உள்ளனர். பழையவற்றைத் தேடுவதோடு, இன்றும் புதிதாக வார்க்கப்படும் உருவங்களையும் அவர்கள் வாங்கி ஆராய்கின்றனர். சிறுவர்களின் விளையாட்டுப்பொருள், வரலாற்றைக் கேள்வி கேட்கும் கருவியாவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஈயத்திலிருந்து நெகிழிக்கு

ஐரோப்பாவில் பொம்மைப் படைவீரர்களைப் பெருமளவில் உருவாக்கும் தொழில், 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வேரூன்றியது. அங்கு வெள்ளீயத்தில் தட்டையான உருவங்கள் வார்க்கப்பட்டன. பின்னர், ஈயக் கலவையில் திரண்ட உருவங்களை வார்க்கும் முறை பரவியது. அவை எடை மிகுந்தவை. அதனால் விலையும் மிகுந்தவை. 1893ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பிரிட்டன் உள்ளீடற்ற உருவங்களை வார்க்கும் முறையைப் புகுத்தினார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்ற வேண்டும். அச்சின் சுவரை ஒட்டிய பகுதி உறைந்தவுடன், நடுவில் உறையாமல் இருப்பதை வெளியே கொட்டிவிட வேண்டும். இதனால் உலோகத்தின் தேவை குறைந்தது, விலையும் குறைந்தது. பிரித்தானியப் பேரரசின் படைகளை வரிசை வரிசையாக வெளியிட்ட அந்நிறுவனத்தின் உருவங்களுள் மதராஸ் படைப்பிரிவு வீரர்களும் இடம்பெற்றனர்.

ஈயம் நச்சுத்தன்மை உடையது. குழந்தைகள் வாயில் வைத்துச் சுவைக்கும் பொருளில் அது இருப்பது தீங்கு என்னும் விழிப்புணர்வு வளர்ந்தது. 1960களில் பிரிட்டனில் ஈயப் பொம்மைகளின் காலம் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே மாற்றுப்பொருள் தோன்றியிருந்தது. 1933இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வின்போது தற்செயலாகக் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன் என்னும் நெகிழி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் பொம்மைத் தொழிலுக்குள் நுழைந்தது. அது வளைந்து கொடுப்பது, எளிதில் உடையாதது, மலிவானது. அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் நிறுவனம் கோட்டைகளும் வீரர்களும் அடங்கிய விளையாட்டுத் தொகுதிகளை வெளியிட்டது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் விரல்நுனி உயரமே உடைய வீரர்களைப் பெட்டிகளில் அடைத்து விற்றது.

அச்சு விதிக்கும் எல்லை

நெகிழி வீரன் பிறக்கும் முறையை அறிந்தால் அவனது தோற்றத்தின் காரணம் விளங்கும். நெகிழிக் குருணைகளை வெப்பத்தால் இளக்கி, இரு பாதிகளாகப் பொருந்தும் உலோக அச்சினுள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவர். குளிர்ந்து இறுகியதும் அச்சின் பாதிகள் நேராக விலகும். உருவம் வெளியே விழும். உருவத்தின் ஏதேனும் ஒரு பகுதி, அச்சுப் பாதி விலகும் திசைக்குக் குறுக்கே உட்குழிந்திருந்தால் உருவம் அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவேதான் பழைய நெகிழி வீரர்களுள் பலர் கைகளை ஒரே தளத்தில் விரித்தோ, துப்பாக்கியை உடலோடு ஒட்டிப் பிடித்தோ நிற்கின்றனர். சிற்பி கைகளைத் தனியே வார்த்துப் பின்னர் ஒட்டும்படி அமைத்தால் இந்த எல்லையைக் கடக்கலாம்.

அச்சு மற்றோர் எல்லையையும் விதிக்கிறது. அச்சைச் செதுக்குவதற்கு ஆகும் செலவு பெரிது; அதிலிருந்து ஓர் உருவத்தை வார்க்கும் செலவு மிகச் சிறிது. ஆயிரக்கணக்கில் விற்றால் மட்டுமே முதலீடு திரும்பும். எனவே மிகுதியாக விற்கக்கூடிய போர்களையே நிறுவனங்கள் தேர்ந்தெடுத்தன. உரோமானியப் படை, நெப்போலியன் காலப் போர்கள், அமெரிக்க உள்நாட்டுப் போர், இரண்டாம் உலகப்போர் ஆகியவை மீண்டும் மீண்டும் அச்சேறின. உலகின் பிற பகுதிகளில் நிகழ்ந்த எண்ணற்ற போர்களுக்கு அவ்வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. கடை அலமாரியில் அணிவகுத்து நிற்பது வரலாறு முழுவதும் அன்று. வரலாற்றில் விலைபோகும் பகுதியே ஆகும்.

வீழ்ச்சியும் மறுமலர்ச்சியும்

வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பெற்றோர் பலர் போர்ப் பொம்மைகளை வெறுத்தனர். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது, எண்ணெயிலிருந்து கிடைக்கும் நெகிழியின் விலையும் ஏறியது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1981இல் நொடித்துப் பின்னர் வேறு உரிமையாளர்களின்கீழ் மீண்டது. மார்க்ஸ் நிறுவனமும் மூடப்பட்டது. அதன் அச்சுகள் கைமாறின. 1995இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’ திரைப்படம் பச்சைநிற நெகிழி வீரர்களைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. 2014இல் அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ்மண்டபத்தில் அவ்வீரர்களுக்கு இடம் கிடைத்தது.

பெருநிறுவனங்கள் விட்டுச்சென்ற இடத்தைச் சிறு நிறுவனங்கள் நிரப்பின. கணினியில் சிற்பம் வடிக்கும் முறையும், அச்சு செதுக்கும் முன்பே வாங்குவோரிடம் முன்பணம் திரட்டும் முறையும் அவற்றுக்குத் துணைநின்றன. எதை வார்ப்பது என்னும் முடிவில் சேகரிப்பாளரின் குரலும் ஒலிக்கத் தொடங்கியது.

விடுபட்டவர்கள்

அக்குரலின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பொம்மை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினாள். பொம்மைப் படையில் பெண்கள் ஏன் இல்லை என்பதே அவள் கேள்வி. தனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் தாய் இராணுவத்தில் பணியாற்றுவதை அவள் எடுத்துக்காட்டினாள். கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவரும் இதே வேண்டுகோளை முன்னரே விடுத்திருந்தார். பென்சில்வேனியா மாநிலத்தில் இயங்கும் பி.எம்.சி. டாய்ஸ் என்னும் சிறுநிறுவனம் முன்பணம் திரட்டி, 2020இல் பெண் வீரர்களின் தொகுதியை வெளியிட்டது.

இரண்டாம் உலகப்போரில் சோவியத் ஒன்றியத்தின் படைகளில் மட்டும் சுமார் 8 இலட்சம் பெண்கள் பணியாற்றினர். விமானம் ஓட்டியவர்களும் குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அப்போரைக் காட்டும் நெகிழிப் பெட்டிகளில் அவர்கள் நெடுங்காலம் அரிதாகவே காணப்பட்டனர். பெட்டியைத் திறந்து விளையாடிய பிள்ளைகள், போரில் பெண்களே இல்லை என்று எண்ணி வளர்ந்திருக்கக்கூடும். பொம்மை எதையும் வாய்திறந்து கூறுவதில்லை. ஆயினும் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைக் கற்பித்துவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

54 மி.மீ. உயரமுள்ள உருவத்தை 32ஆல் பெருக்கினால் 1728 மி.மீ.; அதாவது ஏறத்தாழ 173 செ.மீ. இது வளர்ந்த மனிதரின் உயரம். ஆகவே இவ்வுருவத்தின் அளவுவிகிதம் 1:32 எனப்படும். 24 மி.மீ. உருவத்தை 72ஆல் பெருக்கினாலும் அதே விடை வரும். அதன் அளவுவிகிதம் 1:72.

சேகரிப்பாளரின் கண்

தேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் புதிய தொகுதியை வாங்கியதும் மூன்று வினாக்களை எழுப்புவார். உருவங்களின் அளவுவிகிதம் தம்மிடம் உள்ளவற்றோடு ஒத்துள்ளதா என்பது முதல் வினா. சீருடை, தலைக்கவசம், ஆயுதம் ஆகியன அக்காலத்துக்குரியவைதாமா என்பது இரண்டாவது வினா. இதற்கு விடைகாண ஒளிப்படங்களையும் அருங்காட்சியகப் பொருள்களையும் வரலாற்று நூல்களையும் அவர் நாடுகிறார். இது புதிய அச்சில் வார்த்ததா, பழைய அச்சின் மறுவெளியீடா, பிறர் உருவத்தைப் பார்த்துப் படியெடுத்ததா என்பது மூன்றாவது வினா. நெகிழி குளிரும்போது சுருங்கும். ஆதலால், உருவத்தையே முன்மாதிரியாகக் கொண்டு செய்த படி, மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகவும் முகத்தின் நுட்பங்கள் மழுங்கியதாகவும் இருக்கும். நூலின் பல படிகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேடும் பதிப்பாசிரியரின் பணியோடு இது ஒப்பிடத்தக்கது.

பேணுதலும் ஒரு கலையே. புதிய உருவத்தின்மீது, அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப்பசை ஒட்டியிருக்கலாம். வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவி உலர்த்திய பின்னரே வண்ணம் தீட்டுவர். கதிரவன் ஒளி நேரே படும் இடத்தில் வைப்பதில்லை. அவ்வொளியின் புறஊதாக் கதிர்கள் நெகிழியை நொறுங்கச் செய்யும். உருவாக்கிய நிறுவனம், ஆண்டு, வாங்கிய நாள் ஆகியவற்றைக் குறித்துவைப்பர். குறிப்பு இல்லாத திரட்டு வெறும் குவியலாகவே எஞ்சும்.

விளையாட்டும் போரும்

போரை விளையாட்டாக்குவது முறையா என்னும் வினா எழுவது இயல்பு. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து, ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை 1913இல் வெளியிட்டார். உண்மைப் போரைவிட இச்சிறு போர் எவ்வளவோ மேலானது என்பதே அந்நூலில் அவர் வலியுறுத்திய கருத்து. மறுஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. தரையில் சாய்ந்த பொம்மையை மறுபடியும் நிறுத்தலாம். மாண்ட மனிதரை எழுப்ப இயலாது.

இவ்வேறுபாட்டை உணர்ந்து சேகரிப்பவரின் அலமாரி, போரைப் போற்றும் இடமாக இராது. ஒவ்வோர் உருவத்தின் பின்னும் சீருடை அணிந்து நின்ற ஒரு மனிதர் இருந்தார் என்பதை அவர் மறப்பதில்லை. அலமாரியில் நிற்பவர்களின் வரலாற்றை அறிவதுடன், அங்கு இடம்பெறாதவர்களைத் தேடுவதும் அவர் கடமையாகிறது. ஆறு வயதுச் சிறுமி எழுப்பிய வினா, பொம்மைப் பெட்டிக்கு மட்டும் உரியதன்று. வரலாற்று நூல், திரைப்படம், அருங்காட்சியகம் என எதனை அணுகும்போதும் நாம் எழுப்ப வேண்டிய வினா அது.