பரணில் கிடக்கும் அங்கி உயிர் காக்காது

பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் சுவர்கள் வெளியே தெரியும். பார்க்கப் போகும் பெரியவர்கள், 'இங்கேதான் கடை இருந்தது, இங்கேதான் பாதை போனது' என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

காசல்ரீ 1965இல் கட்டி முடிந்தது, மவுசாகலை 1969இல். பின்னர் 1985இல் கொத்மலையும் 2012இல் மேல் கொத்மலையும் வந்தன. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. நிலத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள் மேட்டில் குடியேறினார்கள். மண்வெட்டி பிடிக்க நமக்குத் தெரியும். துடுப்புப் பிடிக்க யாரும் கற்றுத் தரவில்லை. ஆனாலும் மீன் பிடிக்கவும் விறகு கொண்டுவரவும் அக்கரைக்குப் போகவும் இன்று நம்மவர்கள் படகில் ஏறத்தான் செய்கிறார்கள்.

அண்மையில் ஒரு நீர்த்தேக்கக் கரையில் மீன்பிடிக்கும் சகோதரர் ஒருவரைச் சந்தித்தோம். முன்பு விவசாயம் செய்தவர். அவரிடம் ஓர் உயிர்காப்பு அங்கி உண்டு. "ஏண்ணே போட்டுக்கொள்ளவில்லை?" என்று கேட்டோம். "நனைஞ்சா வீணாப்போயிருமுன்னு பரண்ல பத்திரமா வச்சிருக்கேங்க ஐயா" என்றார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். வீடு திரும்பும் வழியில் அந்தப் பதில் எங்களை உறுத்திக்கொண்டே வந்தது.

இரண்டு விபத்துகள்

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் அதில்தான் கடந்து போனார்கள். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அன்றே ஆறு பேர் இறந்தார்கள்.

கேரளத்தின் தேக்கடியும் நமது மலைநாட்டைப் போன்ற இடம். முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீரில் உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி அங்கே ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்தது.

இரண்டு இடமும் கரைக்கு எட்டாத நடுக்கடல் அல்ல. ஆகவே, 'இந்தக் குளத்தில் என்ன வந்துவிடப் போகிறது' என்று நாம் எண்ணக் கூடாது.

படகில் என்ன இருக்க வேண்டும்?

1. உயிர்காப்பு அங்கி. ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். கரையிலேயே அணிந்து வார்களை இறுக்க வேண்டும். தண்ணீரில் விழுந்த பின் அணிவது மிகக் கடினம். பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்குப் போடக் கூடாது. போட்டபின் தோள் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரியது. நனைந்த அங்கியை நிழலில் உலர்த்துங்கள். துணி கிழிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

2. எறியும் மிதவை. மூடியை இறுக்கிய வெறும் 5 லீற்றர் கான் தண்ணீரில் ஏறத்தாழ 5 கிலோ பாரத்தைத் தாங்கும். ஒருவர் தலையை நீருக்கு மேலே வைத்திருக்க அது போதும். 15 மீற்றர் நைலோன் கயிற்றில் கட்டி வையுங்கள். எறியும்போது காற்றில் பறக்காமலிருக்கக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். இது அவசரத்துக்கு உதவும், அங்கிக்கு ஈடாகாது.

3. தண்ணீர் இறைக்க ஒரு வாளி. மிதந்து போகாமல் படகோடு கட்டியிருக்க வேண்டும்.

4. மேலதிகத் துடுப்பு ஒன்று. இயந்திரப் படகிலும் துடுப்பு வேண்டும்.

5. விசில். பனிமூட்டத்தில் கண் தெரியாது, சத்தம் கேட்கும். அங்கியிலேயே கட்டி வையுங்கள்.

6. டோர்ச்லைட்டும் கைத்தொலைபேசியும். பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள்.

7. கூரிய கத்தி. வலையோ கயிறோ காலில் சுற்றினால் அறுப்பதற்கு.

இயந்திரப் படகானால் தீயணைப்புக் கருவியும் வேண்டும்.

ஏறுமுன்

கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்குங்கள். இடுப்பில் இறுகக் கட்டிய படங்கை அவிழ்த்துவிடுங்கள். தண்ணீரில் இரண்டுமே காலையும் கையையும் கட்டிப்போடும். படகு தாங்கும் ஆட்களுக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். எழுந்து நிற்கவோ ஒரே பக்கம் சாயவோ வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். அணைக்கட்டின் வான்கதவுகளுக்கு அருகே போகவே கூடாது. நீர் குறைந்த காலத்தில் மூழ்கிய மரக்கட்டைகளும் பழைய சுவர்களும் படகின் அடியைக் கிழிக்கும்.

கவிழ்ந்துவிட்டால்

மலைநாட்டு நீர் குளிரானது. திடீரென விழுந்தவருக்கு மூச்சு வாங்கும். சற்று நேரத்தில் கை விறைக்கும். நன்றாக நீந்துபவரும் இதனால் மூழ்குவதுண்டு. ஆகவே கரைக்கு நீந்த அவசரப்படாமல் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதுங்கள். கரையில் நிற்பவர்கள் குதிக்க வேண்டாம். கானையோ கயிற்றையோ எறியுங்கள். நீண்ட கம்பை நீட்டுங்கள். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இருவர் போன கதைகள் நமக்குப் புதியவை அல்ல.

கரையேற்றியவரின் வயிற்றை அமுக்கியோ தலைகீழாகத் தூக்கியோ தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு ஊதுங்கள். பின்னர் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்துவதும் இரண்டு முறை ஊதுவதுமாக, உதவி வரும்வரை தொடருங்கள். மூச்சு உள்ளவரின் ஈர உடையைக் களைந்து கம்பளியால் போர்த்துங்கள். சாராயம் கொடுக்க வேண்டாம். இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990, பொலிஸுக்கு 119, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

நாம் செய்யக்கூடியது

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா கிரகரி வாவிக்குப் போனால், அரை மணிநேர உல்லாசத்துக்கு வந்தவர்கள் அங்கி அணிந்து படகில் போவதைக் காணலாம். அது சரியே. பிழைப்புக்காகப் படகேறும் நம்மவர்களுக்கும் அந்த அங்கி வேண்டும்.

செலவுதான் தடை என்பது உண்மை. தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. இறந்தவரை நல்லபடி அடக்கம் செய்ய மாதாமாதம் காசு சேர்க்கிறோம். நல்ல வழக்கம், அது தொடரட்டும். அதே கூட்டத்தில் மாதர் சங்கத்தையும் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, உயிரோடு இருப்பவர்களுக்காக இன்னொரு சிறு உண்டியலும் வைப்போமா? மாதம் ஓர் அங்கி வாங்கினாலும் ஓர் ஆண்டில் பன்னிரண்டு.

அதுவரை, வீட்டில் ஏற்கனவே அங்கி இருந்தால் இன்றே பரணிலிருந்து இறக்குங்கள். அது நனைவதற்கென்றே செய்யப்பட்டது.