மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

ஸ்ரீவராகத்தில் கோயில் கொண்டிருப்பவர் வராக மூர்த்தி. வெள்ளத்தில் அமிழ்ந்த பூமியைத் தூக்கி நிலைநிறுத்தியவர் அவர் என்பது புராணம். அந்தக் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அநேகம். சாலை பஜாரில் கணக்கு எழுதுகிறவர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள ஆசை ஒன்றுதான். உத்தியோகம் முடிவதற்குள், உடம்பில் தெம்பு இருக்கும்போதே, சொந்தமாக நாலு சென்ட் நிலமும் அதில் ஒரு வீடும் வேண்டும்.

கோட்டைப் பகுதியில் நிலத்தின் விலை மாதச் சம்பளக்காரருக்கு எட்டுவதாக இல்லை. தவிர, தாழ்ந்த இடங்களில் மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நிற்கும் தொல்லையும் உண்டு. ஆகவே பலரும் நகரத்துக்கு வெளியே பேயாடு, விளப்பில்சாலை, நெட்டயம், மலையின்கீழ் என்று மேடும் பள்ளமுமான பகுதிகளை நாடுகிறார்கள். குன்றின் சரிவில் உள்ள மனை, சமதரை மனையைவிட மலிவாகக் கிடைக்கிறது. நல்ல காற்று, தண்ணீர் தேங்காது என்று தரகர் சொல்வதிலும் பொய் இல்லை.

வாங்குகிறவர் மூலப் பத்திரத்தைப் பார்க்கிறார். முப்பது வருடத்திற்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார். கரம் கட்டிய ரசீதைச் சரிபார்க்கிறார். கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீலும் ஒருமுறை பார்க்கிறார். இத்தனை பேர் பார்த்தும், அந்த மண் வீட்டைத் தாங்குமா, அந்தச் சரிவு மழையில் நிற்குமா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. காகிதத்தில் உள்ள வில்லங்கத்தைக் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளலாம். மண்ணில் உள்ள வில்லங்கம் ஒரு மழை இரவில் தானே தீர்ப்புச் சொல்லிவிடும்.

அம்பூரி சொல்லும் பாடம்

மலைச்சரிவு என்றால் இடுக்கி, வயநாடு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, நெய்யாற்று அணையை அடுத்த மலையோரக் கிராமமான அம்பூரியில், 2001 நவம்பர் 9-ம் தேதி மலைச்சரிவு இடிந்து இறங்கி முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது இடவப்பாதி மழைக்காலம் அல்ல, துலாவர்ஷம். ஜூன், ஜூலை மாதங்களைக் கடந்துவிட்டால் ஆபத்து கழிந்தது என்ற எண்ணம் தவறு என்பதற்கு அதுவே சாட்சி. தென் மாவட்டங்களுக்கு இரண்டு மழைக்காலமும் சோதனைக் காலம்தான்.

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. எழுபது பேரைப் பலிகொண்ட அந்த விபத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். லயம் எங்கே கட்டப்பட வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. சொந்தப் பணத்தில் மனை வாங்குகிறவருக்கு அந்த நிலை இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் பரிதாபம்.

தள்ளுவது தண்ணீர்

சரிவில் உள்ள மண் எப்போதும் கீழே இறங்கத்தான் பார்க்கிறது. மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பற்றிக்கொண்டிருப்பதால் அது நிற்கிறது. இதை விளக்கச் சங்குமுகம் கடற்கரையே போதும். காய்ந்த மணலைக் குவித்தால் ஓரளவு சரிவோடு நிற்கும். லேசாக ஈரம் பட்ட மணலில் குழந்தைகள் செங்குத்தாகச் சுவரே எழுப்புகிறார்கள். அதே மணலில் குடம் தண்ணீரை ஊற்றினால் சுவர் கரைந்து ஓடுகிறது. மலைச்சரிவிலும் நடப்பது இதுவே. விடாமழையில் மண்ணின் இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிரம்பும்போது மண்ணின் எடை கூடுகிறது; உள்ளிருக்கும் தண்ணீரின் அழுத்தம் துகள்களை விலக்குவதால் பிடிப்புக் குறைகிறது. பாரம் ஏறிப் பிடி தளர்ந்தால் சரிவு புறப்பட்டுவிடும். மலையாளத்தில் ‘உருள்பொட்டல்’ என்று சொல்வது இதன் உக்கிரமான வடிவத்தைத்தான்.

இப்பகுதி மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே வெட்டுகல். பிரான்சிஸ் புக்கானன் 1807-ல் வெளிவந்த தம் பயண நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயர் சூட்டியது மலபாரில் அங்காடிப்புறத்தில் பார்த்த இந்தக் கல்லுக்குத்தான். வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகும் நல்ல கல் இது. ஆனால் பல இடங்களில் இதற்கு அடியில் வெளிறிய களிமண் படுகை கிடக்கிறது. தோன்னைக்கலில் வெட்டி எடுக்கும் சீனக் களிமண்ணும் இந்த வகையைச் சேர்ந்ததே. மேலே உள்ள கல்லின் துவாரங்கள் வழியாக இறங்கும் மழைநீர் இந்தக் களிமண்ணில் தடைப்பட்டு, அதை வழுக்குப் பாறையாக்கிவிடுகிறது. மேல்பரப்பு கல்லாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

எல்லைக் கல்லுக்கு அப்பால்

மனையைப் பார்க்கப் போகிறவர்கள் நாலு எல்லைக் கல்லுக்குள்ளேயே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சரிவு நிலத்தில் ஆபத்து பெரும்பாலும் எல்லைக்கு வெளியே இருக்கிறது. மேலே உள்ள தோட்டம் யாருடையது, அங்கே மழைநீர் எந்த வழியாக வருகிறது, கீழ்ப்புறத்துக்காரர் நாளை மண்ணை வெட்டினால் நம் கடைக்கால் என்ன ஆகும் என்பவை எல்லாம் பார்க்க வேண்டியவை.

முக்கியமாக ஓடை. கோடையில் காய்ந்து, வெறும் பள்ளமாகத் தெரியும் சிற்றோடைகளை மூடி மனையாக்குவதும், தட்டுத் தட்டாக வெட்டி அடைப்பதும் கேரளத்தின் மலைச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டும் காரணங்கள். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

2024 ஜூலை 30-ம் தேதி வயநாட்டில் நடந்த பேரழிவில், புஞ்சிரிமட்டத்துக்கு மேலே உயரத்தில் புறப்பட்ட சரிவு, ஆற்று வழியே சுமார் எட்டுக் கிலோமீட்டர் ஓடி முண்டக்கை, சூரல்மலை ஊர்களைத் துடைத்துச் சென்றது. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சூரல்மலையில் அழிந்த வீடுகள் பல செங்குத்தான சரிவில் இருந்தவை அல்ல; தண்ணீரின் பாதையில் இருந்தவை. மனை சமமாக இருந்தாலும், மேலேயிருந்து வரும் வழியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

பொறியாளரை அழைக்குமுன் வாங்குகிறவரே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

மனையை வெயிலில் ஒருமுறையும், நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறையும் பார்க்க வேண்டும். மண்ணிலிருந்து புதிதாக ஊற்று கிளம்புகிறதா, வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கலங்கல் என்றால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். கண்ணூர், இடுக்கி மாவட்டங்களில் பூமிக்கு அடியில் குழாய்போல் மண் அரித்துச் சுரங்கமாகி, மேல்தரை உள்வாங்கிய இடங்கள் உண்டு.

மரங்களைப் பார்க்க வேண்டும். அடிமரம் கீழ்நோக்கிச் சாய்ந்து, பிறகு வளைந்து நிமிர்ந்து வளர்ந்திருந்தால், அந்த மண் மெள்ள மெள்ள நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சாய்ந்த மின்கம்பம், வயிறு தள்ளிய மதில், சரிவின் மேல்பகுதியில் பிறை வடிவில் ஓடும் வெடிப்பு, பக்கத்து வீட்டில் மூட முடியாமல் சிக்கும் கதவு யாவும் அதே எச்சரிக்கைகள்.

அக்கம்பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். உறை இறக்காத கிணறு மண்ணின் படுகைகளை அடுக்கடுக்காகக் காட்டும். எத்தனை அடியில் கல், எத்தனை அடியில் களிமண், கர்க்கடகத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்பதைக் கிணறு வெட்டியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சரிவை அளக்க, கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாய் ஒன்று போதும். முப்பது அடி தூரத்தில் தரை ஆறடி இறங்கினால் சரிவு சுமார் 11 டிகிரி. பத்தடி இறங்கினால் 18 டிகிரி. பதினைந்தடி இறங்கினால் ஏறக்குறைய 27 டிகிரி. இருபது டிகிரியைத் தாண்டும் இடத்தில், தகுந்த நிபுணர் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது விவேகமல்ல.

மண்ணைச் சோதிக்க, நாலடி ஆழத்திலிருந்து எடுத்த ஒரு கட்டியை உலர்த்தி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் மெதுவாக இட வேண்டும். கலக்காமலேயே கட்டி கரைந்து, சுற்றிலும் தண்ணீர் பால்போல் கலங்கினால், அது மழையில் எளிதில் அரிக்கக்கூடிய மண்.

நிபுணர் செய்வது

இவற்றில் ஒன்று சந்தேகம் தந்தாலும் அடுத்தபடியாக மண் ஆய்வு தேவை. துளையிட்டுச் செய்யும் சோதனையில், 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுக்குள் 30 சென்டிமீட்டர் இறக்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அடிகளின் எண்ணிக்கை குறைந்தால் மண் இளகியது என்று பொருள். கூடவே நிலத்தடி நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்வார்கள். எடுத்த மண்ணைக் கூடத்தில் சோதித்து, நனைந்த நிலையில் அதன் பிடிப்பு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். காய்ந்த மண்ணுக்குக் கணக்குப் போட்டு, நனைந்த மண்ணில் வீடு கட்டக் கூடாது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. பேரிடர் மேலாண்மை ஆணையத்திடமும் விவரம் பெறலாம். ஆனால் வரைபடம் வட்டாரத்தைச் சொல்லும்; நாலு சென்ட்டைச் சொல்லாது. படத்தில் மனை இருக்கும் பகுதி சிவப்பாக இருந்தால் விலகலாம். சிவப்பாக இல்லை என்பதால் மட்டும் வாங்கிவிடக் கூடாது. சொந்த ஊர்ப்பக்கம், குமரி மாவட்ட மலையோரத்தில் மனை தேடுகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1990-ல் அமைந்த மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமானால், கட்டுவதற்கு அதன் இசைவு தேவைப்படலாம்.

கட்டும்போது

சரிவைக் குடைந்து வீட்டை நுழைப்பதைவிட, சரிவுக்கு ஏற்றபடி வீட்டைப் படிப்படியாக அமைப்பது நல்லது. மேல்புறம் வெட்டிய மண்ணைக் கீழ்புறம் கொட்டிச் சமப்படுத்தி, அந்தப் புது மண்ணின்மேல் பாதி வீட்டை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. பாதி இறுகிய தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும் வீடு நடுவில் வெடிக்கிறது. கடைக்கால் ஆதி மண்ணைத் தொட வேண்டும். கடைக்காலின் அடி விளிம்பிலிருந்து சரிவின் முகம் மண்ணானால் குறைந்தது 90 சென்டிமீட்டரும், பாறையானால் 60 சென்டிமீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணய விதி. அது மிகக் குறைந்தபட்ச அளவே.

தாங்கு சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், தண்ணீர் வெளியேறத் துவாரங்களும் பின்னால் ஜல்லி நிரப்பிய வடிகாலும் இல்லாவிட்டால் அது அணைக்கட்டாக மாறிவிடும். அணையின் பலம் அதற்கு இராது. கூரைத் தண்ணீரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1000 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு டாங்கர் லாரித் தண்ணீர். அதைச் சரிவில் விடாமல், சிமெண்டுக் கால்வாய் மூலம் இயற்கை ஓடையில் சேர்க்க வேண்டும். கழிவுநீர் உறிஞ்சு குழியைச் சரிவின் விளிம்பிலும் வீட்டுக்கு மேல்புறத்திலும் தோண்டக் கூடாது.

கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்குமேல் செங்குத்தாக வெட்டிய மண்ணின் அடியில், முட்டுக் கொடுக்காமல், மழை நாளில் இறங்கி வேலை செய்வது உயிரோடு விளையாடுவதாகும். மேலே வெடிப்புக் கண்டாலும், பொடி மண் உதிரக் கண்டாலும் உடனே வெளியேறிவிட வேண்டும். அன்றைய கூலி போனாலும் மறுநாள் சம்பாதிக்கலாம்.

மண் ஆய்வுக்கு ஆகும் செலவைக் கேட்டுப் பலர் தயங்குகிறார்கள். வீட்டுக்குப் போடும் டைல்ஸை நாலு கடை ஏறிப் பார்க்கிறவர்கள், அது நிற்கப்போகும் மண்ணை ஒருமுறை பார்க்கச் செலவழிப்பது வீண் அல்ல. ஆய்வின் முடிவு பாதகமாக இருந்தால் அந்தப் பணம் போனதாகவும் எண்ண வேண்டாம். முன்பணம் கொடுக்குமுன் ஒரு மனையை வேண்டாம் என்று சொல்ல, ஆய்வுச் செலவும் பஸ் கட்டணமும்தான் ஆகும். வீடு கட்டிய பிறகு அதே முடிவுக்கு வர, இருபது வருடச் சேமிப்பும் போதாது.